பாலாடை பிடுங்கி

போன மாதம் அரியலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளுக்கென்று தனி வார்டு திறந்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டி, மேலே சூடு தரும் விளக்கு, எடை போட எண்கள் ஓடுகிற தராசு எல்லாம் இருந்தது. நானும் ஆசையாய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு சின்ன நர்ஸ் எவர்சில்வரில் பளபளவென்று ஒரு சாமானை எடுத்துக்காட்டி, உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைகளுக்கு இதில்தான் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லிப் பயிற்சி தந்திருக்கிறார்கள், இதைப் பார்த்திருக்கிறீர்களா பாட்டி என்று கேட்டாள்.

பார்த்தால் பாலாடை. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. ஏன் சிரித்தேன் என்று சொன்னால்தான் விடுவோம் என்று அவளும் அவள் சிநேகிதிகளும் பிடித்துக்கொண்டார்கள். அன்று பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. திருச்சியில் ஒன்றரை வருஷம் மிட்வைஃப் படிப்பு, பெரம்பலூரில் ஒரு வருஷம் கையாளாக வேலை, பிறகு ஆண்டிமடம் தாய்சேய் நிலையத்துக்குத் தனிப் பொறுப்பு. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடையாது, நல்ல துணி கிடையாது, பெட்ரோல் இல்லாததால் பஸ் கரிப்புகையில் ஓடும், ஓடாத நாளில் நிற்கும். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு தோல் பை, ஒரு கைத்தராசு, எல்லாம் தெரியும் என்கிற திமிர்.

எனக்கு மேலதிகாரி எஸ்தர் டாக்டரம்மா. அரியலூரில் இருந்துகொண்டு சுற்றுவட்டார நிலையங்களை மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பார். மாட்டு வண்டியிலிருந்து இறங்கும்போதே, "எடை?" என்பார். சௌக்கியமா, சாப்பிட்டாயா எல்லாம் அப்புறம். எந்தப் பிள்ளை, எத்தனை நாள், எத்தனை பவுண்டு, போன வாரம் எவ்வளவு என்று நான் ஒப்பிக்க வேண்டும். தன் பையில் ஒரு பவுண்டு படிக்கல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். என் தராசில் முதலில் அதைத் தொங்கவிட்டு முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு பிள்ளையைச் சுற்றும் துணியைத் தனியாக நிறுப்பார். அதற்குப் பிறகுதான் பிள்ளை. துணியோடு நிறுத்துவிட்டு எழுதுகிறவள் பொய் எழுதுகிறவள் என்பது அவர் கட்சி. என் கையைப் பிடித்துத் தன் முழங்கையின் உள்பக்கத்தில் என் நகங்களை வைத்து இழுத்துப் பார்ப்பார். கீறினால் அன்றைக்குத் தொலைந்தேன்.

அவரிடம் ஒரு விசேஷம். சந்தோஷமாக இருந்தால் "வா கண்ணு, போ கண்ணு" என்பார். கோபம் வந்தால் "நீங்க" என்பார். "நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்று அவர் வாயிலிருந்து வந்தால் அன்றைக்கு வசவு நிச்சயம்.

அவருக்குப் பாலாடையைக் கண்டால் ஆகாது. சங்கைப்போலக் குழிந்து ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும் அந்தச் சின்னக் கிண்ணம் அந்த நாளில் கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் எல்லாம் உண்டு. பித்தளை, வெண்கலம், சில வீடுகளில் வெள்ளி. காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, விளக்கெண்ணெயும் உரைமருந்தும் பாலும் ஒன்றாக அதில் விட்டுத் தொண்டைக்குள் சரித்துவிடுவார்கள். பிள்ளை அழுவதற்கு வாயைத் திறந்தால் அதுவும் உள்ளே போகும். புரையேறி நீலம் பாரித்துப்போன பிள்ளைகளை டாக்டரம்மா நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் எங்களுக்கு உத்தரவு போட்டார்: போகிற வீடுகளில் பாலாடையைக் கண்டால் வாங்கிவிட வேண்டும். தாய் மார்பிலேயே குடிக்கட்டும். அதற்குத் தெம்பில்லாத பிள்ளைக்கு ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிச் சொட்டுக்குழாயில் ஒரு சொட்டு விட்டு, அது விழுங்கியதைப் பார்த்து அடுத்த சொட்டு.

வாங்கிவிட வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். நான் பிடுங்கினேன். பிள்ளை பிறந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் மாடத்துக்கும் பரணுக்கும்தான் போகும். அழுதாலும் விடமாட்டேன், கெஞ்சினாலும் விடமாட்டேன். பத்து மாதத்தில் இருபத்து மூன்று பாலாடைகள். ஒரு தகரப் பெட்டியில் போட்டு அரியலூருக்கு அனுப்பினேன். டாக்டரம்மா "சபாஷ் கண்ணு" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். ஊர் எனக்குப் 'பாலாடை பிடுங்கி' என்று பெயர் வைத்தது. அதையும் பட்டம் வாங்கின மாதிரி நினைத்துக்கொண்டேன். என்னவென்று சொல்ல.

அந்த இருபத்து மூன்றில் ஒன்று காமாட்சி வீட்டுடையது. ஆண்டிமடத்திலேயே கடைசித் தெரு. ஆனி மாதம், எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட தலைச்சன் பிள்ளை. நான் மூன்றாம் நாள் போனபோது பாலாடையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் நீட்டிவிட்டாள். மார்பிலேயே போடு என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் இருந்த ஒரே சொட்டுக்குழாய் அப்போது வேறு வீட்டில் இருந்தது. ஆறாம் நாள் பிள்ளை போய்விட்டது. பதிவேட்டில் 'பிறவிப் பலவீனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் மார்கழியில்தான் செல்லம்மாளுக்கு வலி கண்டது. முந்திரிக்காட்டுக்கு நடுவே முப்பது வீடுகள் உள்ள குடியிருப்பு. புருஷன் கோவிந்தன் விடிகிற நேரத்தில் ஓடிவந்து கூப்பிட்டான். நான் போய்ச் சேருவதற்கும் பெண்பிள்ளை பிறப்பதற்கும் சரியாக இருந்தது. இதற்கு முன் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. இதுவும் மாதம் நிறையாதது. அழுகை பூனைக்குட்டியின் சத்தம் அளவுக்குத்தான் வந்தது. துணியைத் தனியாக நிறுத்து, பிள்ளையை நிறுத்தேன். மூன்றே கால் பவுண்டு. இன்றைய கணக்கில் ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.

திருச்சிக்கு அனுப்ப வழியில்லை. செல்லம்மாளுக்கு உதிரப்போக்கு அதிகம், அவளை அசைக்கவே கூடாது. தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் அந்தக் குளிரில் வண்டியில் கொண்டுபோனால் பாதி வழியிலேயே விறைத்துவிடும். அங்கேயே தங்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் சண்டை குளிப்பாட்டுவதில் வந்தது. கோவிந்தனின் அக்கா பாப்பாத்தி வெந்நீர் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்றாத பிள்ளையை எப்படித் தாய் பக்கத்தில் போடுவது என்று அவளுக்குத் தாங்கவில்லை. பத்து நாளைக்குத் தண்ணீரே படக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கோவிந்தன் பருத்தி கொண்டுவந்தான். கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, பிள்ளையைத் தலை முதல் கால் வரை பஞ்சில் பொதிந்து செல்லம்மாள் மார்போடு சேர்த்துக் கட்டினோம். சூடு நின்றது. அந்த மட்டும் சரி.

பால்தான் பிரச்சினை. செல்லம்மாளுக்குச் சீம்பால் இருந்தது. பிள்ளைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. வாயில் வைத்தால் இரண்டு தடவை அசைத்துவிட்டுத் தூங்கிவிடும். சொட்டுக்குழாயை எடுத்துக் கொதிக்க வைத்தேன். எடுத்து அழுத்தியதும் ரப்பர் குமிழ் இரண்டாக வெடித்தது. யுத்தத்தில் வேறு ரப்பருக்கு எங்கே போவது? கரண்டியில் கொடுத்தேன். கடைவாயில் வழிந்து பஞ்சை நனைத்தது. ஒரு சொட்டுப் பாலைப் பீய்ச்ச அவள் படுகிற பாட்டில், அது பஞ்சில் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. திரியை நனைத்து வாயில் வைத்தேன். அதையும் உறிஞ்சவில்லை. இரண்டாம் நாள் காலையில் பிள்ளை அழுவதை நிறுத்தியது. பிள்ளை சமத்தாகத் தூங்குகிறது என்று பாப்பாத்தி சொன்னாள். எனக்குத் தெரியும், அது தூக்கம் இல்லை.

செல்லம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுவும் போயிடுமாங்க?" என்றாள். குரலில் அழுகை இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரல். நான் எழுந்தேன். மெல்லிய மூக்கு உள்ள ஒரு பாத்திரம் இருந்தால், ஒரு சொட்டு, விழுங்குவது, அடுத்த சொட்டு என்று விடலாம். அப்படிப்பட்ட பாத்திரம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்து மூன்று அரியலூர் பீரோவில் பூட்டிக் கிடந்தன.

அரை மைலில் குடியானவர் தெரு. வெயில் ஏறுகிற நேரம். முதல் வீட்டில் போய்ப் பாலாடை இருக்குமா என்று கேட்டேன். அந்த அம்மாள் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, "எங்க வூட்ல அதெல்லாம் எங்கங்க இருக்கு?" என்றாள். இரண்டாம் வீட்டிலும் இல்லை. மூன்றாம் வீட்டில் நான் படி ஏறுவதற்குள் உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது, அப்புறம் இல்லை என்ற பதில் வந்தது. ஐந்தாம் வீட்டுப் பெரியவர் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே, "போன மாசந்தானே வந்து எடுத்துட்டுப் போனீங்க. மாசத்துக்கு ஒண்ணு வார்த்துக் குடுக்குறதுக்கு நாங்க என்ன பாத்திரம் செய்யிற கன்னாரா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். ஒரு பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தான் கேட்கிறேன் என்று சத்தியம் செய்தேன். பிடுங்கி புதுசாக ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறாள் என்றுதான் தெரு நினைத்தது. நினைக்காதா பின்னே?

எட்டாவது வீடு வள்ளியம்மையுடையது. நடுவயது, கடலைக்காடு வைத்திருக்கிற குடும்பம். அவளிடம் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். யார் பிள்ளைக்கு என்று கேட்டாள். அந்தக் குடியிருப்புப் பிள்ளையின் வாயில் தன் பாத்திரத்தை வைக்க, தீட்டு என்று அந்தத் தெருவில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. செல்லம்மாள் என்றேன்.

"செல்லம்மாளா. நெறஞ்ச வயித்தோட போன வாரங்கூட எங்க காட்டுல களை வெட்டுனா" என்றாள் வள்ளியம்மை. உள்ளே போனாள். குதிருக்குள் முழங்கை வரை விட்டு, கம்புக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைப் பாலாடையை எடுத்துவந்தாள். என் கையில் வைத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டாள். "இது திரும்பி வரணும். நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும்" என்றாள். கொண்டுவருவேன் என்றேன். அதன் பிறகுதான் விரல்களை எடுத்தாள்.

ஓட்டமும் நடையுமாக வந்து பாலாடையைச் சாம்பலில் தேய்த்து, அரை நாழிகை கொதிக்க வைத்தேன். பிள்ளையை மல்லாக்கப் போடவில்லை. தலை தூக்கினாற்போல என் இடது கையில் சாய்த்துக்கொண்டேன். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் தொட்டேன், அவ்வளவுதான். ஒரு சொட்டு இறங்கியது. காத்திருந்தேன். நாக்கின் நுனி வெளியே வந்து தேடியது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அடுத்த சொட்டு. ஒரு சின்னக் கரண்டிப் பாலுக்கு முக்கால் மணி ஆனது. வழிந்தது இரண்டே சொட்டு. சாயங்காலத்துக்குள் நாலு தடவை கொடுத்தோம். மறுநாள் காலையில் பிள்ளை அழுதது. பாப்பாத்தி ஓவென்று அழுதாள்.

எனக்கு மட்டும் சந்தோஷம் முழுதாக வரவில்லை. அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபோதே காமாட்சி நினைவுக்கு வந்துவிட்டாள். அவளிடம் இருந்ததும் இதே பாத்திரம்தான். அவள் எப்படி ஊற்றினாள் என்று நான் கேட்கவே இல்லை. பிறவிப் பலவீனம் என்று எழுதினேனே, அந்தப் பிள்ளை பசியில் போயிருக்கலாம். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து செல்லம்மாளே கொடுக்கப் பழகிக்கொண்டாள். நான் தினமும் நடந்து வந்து நிறுத்துவிட்டுப் போவேன். மூன்றே கால் இருந்தது மூன்றுக்கு இறங்கியது. ஒரு வாரம் அங்கேயே நின்றது. அப்புறம் அரை அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் என்று ஏறியது. பதினைந்தாம் நாள் டாக்டரம்மா வந்தார்.

வண்டியிலிருந்து இறங்கும்போதே, "எடை?" என்றார். மூன்று பவுண்டு ஆறு அவுன்ஸ் என்றேன். நம்பவில்லை. படிக்கல்லைத் தொங்கவிட்டார், துணியை நிறுத்தார், பிள்ளையை நிறுத்தார். முள் அதே இடத்தில் நின்றது. எப்படி என்று கேட்டபடி திரும்பியவர் கண்ணில், வெள்ளைத் துணி மூடிய சட்டியும் அதற்குள் இருந்த பாலாடையும் பட்டது.

"நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்றார்.

பாலாடையை எடுத்து அவர் தன் பைக்குள் போட்டுக்கொண்டால் வள்ளியம்மைக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. வேலை போனாலும் போகட்டும் என்று முழுவதையும் சொன்னேன். குமிழ் வெடித்தது, எட்டு வீடு ஏறியது, வாக்குக் கொடுத்தது, காமாட்சி வீட்டில் நடந்தது வரைக்கும் சொன்னேன். "என் கண் முன்னால ஒரு தடவை கொடுங்க, பார்க்கிறேன்" என்றார் அவர்.

செல்லம்மாள் கொடுத்தாள். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, விழுங்குவதை எண்ணினார். ஒரு அவுன்ஸ் பாலுக்கு இருபது நிமிஷம். ஒரு இருமல் இல்லை. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தானே பிள்ளையை வாங்கிக்கொண்டார். பாலாடையைச் சரித்தார். கொஞ்சம் அதிகமாகச் சரிந்து பால் மோவாயில் வழிந்தது.

"அவசரப்படாதீங்கம்மா. முழுங்கட்டும்" என்றாள் செல்லம்மாள்.

பாப்பாத்தி பயந்துபோய் அவள் தோளைக் கிள்ளினாள். டாக்டரம்மா நிமிர்ந்து செல்லம்மாளைப் பார்த்தார். பிறகு குனிந்து மூக்கை உதட்டோரத்தில் வைத்துக் காத்திருந்தார். பிள்ளை விழுங்கியது. கிண்ணம் காலியாகும்வரை அப்படியே கொடுத்தார்.

வெளியே வந்து முந்திரி மரத்தடியில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "ஊத்துற கையத் திருத்தியிருக்கணும். அத விட்டுட்டு நாம பாத்திரத்தப் புடுங்கிட்டோம் கண்ணு" என்றார். 'நாம' என்றார். உத்தரவைத் தாண்டிப் பிடுங்கியவள் நான், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் 'நாம' என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாவுக்கு நான் ஆயுள் முழுக்க உழைத்திருப்பேன், உழைத்தேன்.

அடுத்த வாரமே தகரப் பெட்டி திரும்பி வந்தது. நானே ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது எப்படி ஊற்றுவது என்று காட்டிவிட்டு வர வேண்டும், எண்ணெயும் மருந்தும் அதில் கூடவே கூடாது என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு. நல்ல வேளையாகப் பாதிக்கு மேல் அடியில் பெயர் வெட்டியிருந்தது. மீதியை அவரவர் பார்த்ததும் அடையாளம் சொன்னார்கள். சில வீடுகளில் சிரித்தார்கள், சில வீடுகளில் வசவு கிடைத்தது. இரண்டுக்கும் தலையை ஆட்டினேன்.

செல்லம்மாள் மகள் நாற்பதாம் நாளுக்கு மேல் மார்பிலேயே குடிக்கத் தொடங்கினாள். வள்ளியம்மையின் பாலாடையைச் சொன்னபடி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று நாள் வெயிலில் வைத்துத்தான் உள்ளே எடுத்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். உலகம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் அடுத்த மாதம் தன் மகளின் பிள்ளைக்கு அதே பாலாடையில்தான் பால் கொடுத்தாள். கொடுத்து முடித்ததும் மறுபடியும் குதிருக்குள் வைத்தாள். என்னை அவள் முழுதாக நம்பிவிடவில்லை.

பெட்டியில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. 'கா' என்று வெட்டிய வெண்கலப் பாலாடை. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குக் கால் வரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம் போனேன். காமாட்சி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பாலாடையை அவள் முன்னால் வைத்தேன். அன்று நான் இதை எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாது, தப்பு என்மேல்தான், பிள்ளை பிழைத்திருக்கலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. பாலாடையை எடுத்து முந்தானையால் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள். "இப்ப நாலு மாசங்க. உக்காருங்க. எப்படி ஊத்தணும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

மறு ஆனியில் அவளுக்கு எட்டாம் மாதத்திலேயே பையன் பிறந்தான். நாலு பவுண்டுகூட இல்லை. என் கையில்தான் பிறந்தான். அதே பாலாடையில் இருபத்தைந்து நாள் குடித்தான். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, என்னைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். ஆனால் அந்த மாசி மத்தியானத்தில் இதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியாது.

கையில் பிள்ளை இல்லாததால் காமாட்சி ஒரு துண்டைச் சுருட்டித் தலைப்பக்கம் முடிச்சுப் போட்டு, இடது கையில் சாய்த்துக்கொண்டாள். பாலாடையில் தண்ணீர் எடுத்தாள். மூக்கை முடிச்சின் ஓரத்தில் தொட்டாள். ஒரு சொட்டு விழுந்து துணி நனைந்தது.

"இப்ப நிறுத்தணுங்களா?" என்றாள்.

"நிறுத்துங்க. முழுங்கட்டும்" என்றேன்.

அந்தத் துண்டு விழுங்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.